'தேவையான அளவு' என்றால் எவ்வளவு?

போன ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து கோயில் மண்டபத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சென்னையிலிருந்து வந்து இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, என் பையிலிருந்த சமையல் புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "அக்கா, பிளாக் எழுதினவங்க எல்லாம் இப்ப புக் போட ஆரம்பிச்சிட்டாங்க. நம்ம பாட்டிங்க செஞ்சதத்தானே எழுதுறாங்க? யூடியூப்ல தேடினா வந்துடும். இதுக்குப் போய் 400 ராண்டா?"

சுற்றி இருந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். தம்பியும் படிப்பார்.

2006-இல் கல்யாணமாகி கும்பகோணத்திலிருந்து டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தபோது எனக்கு ஒழுங்காக ரசம் வைக்கத் தெரியாது. அம்மா பெட்டியில் 'சமைத்துப் பார்' வைத்து அனுப்பியிருந்தார். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட புத்தகம். அதன் மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் என் கையில் இருந்தது பாட்டி காலத்துப் பிரதி, அதில் ஆழாக்குக் கணக்கு. இங்கே கடையில் வாங்கிய கப் 250 மில்லி. ஆழாக்கு 168 மில்லிதான் என்று எனக்குச் சொல்ல யாருமில்லை. அம்மாவுக்குப் போன் போட்டால், "எல்லாம் கண் அளவுதான்டி, போகப் போகக் கை பழகிடும்" என்பார்.

நம் சமையல் குறிப்புகள் எதை எடுத்தாலும் கடைசி வரி ஒன்று இருக்கும். 'உப்பு, தேவையான அளவு.' புளியும் அப்படித்தான், எண்ணெயும் அப்படித்தான். பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ நின்று "போதும், போதும்" என்று கையைத் தட்டிவிடும் வீட்டுக்கு அது போதுமான குறிப்பு. கடல் தாண்டி வந்து, தனியாக அடுப்பு முன்னால் நிற்கிறவளுக்கு அந்த இரண்டு வார்த்தையில் ஒன்றுமே இல்லை.

பிறகு கணவருக்கு வேலை மாறி இரண்டு வருடம் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தோம். அங்கே துவரம்பருப்பு வேகவில்லை. டர்பனில் வேகவைத்த அதே பருப்பு, அதே பாத்திரம், அதே நேரம். வெளியே குழைந்தது போலத் தெரியும், நசுக்கினால் நடுவில் கல் மாதிரி இருக்கும். கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்று நினைத்து மூன்று கடை மாற்றினேன். கடைசியில் ஒரு பெண்ணின் வலைப்பதிவில்தான் விஷயம் கிடைத்தது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணீர்தான், ஆனால் டர்பன் தண்ணீரின் சூடு அதில் இல்லை. பருப்பை முன்கூட்டியே ஊற வையுங்கள், குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள் என்று எழுதியிருந்தார். அவருக்கும் முதலில் இது தெரிந்திருக்கவில்லை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து யாரோ ஒருத்தி 'எனக்கு மட்டும் ஏன் வேகவில்லை' என்று கேட்க, இவர் தேடிப் பார்த்து, குறிப்பைத் திருத்தியிருக்கிறார்.

தம்பிக்கு நான் சொல்ல நினைத்தது இதைத்தான். வலைப்பதிவில் தொடங்கிய பெண்களின் குறிப்பு, முகம் தெரியாதவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டுப் பதம் பார்த்த குறிப்பு. பாட்டியிடம் அந்த மாதிரிக் கேள்வி கேட்க யாருமில்லை. பாட்டியின் மாணவி பாட்டியின் வீட்டிலேயே இருந்தாள், பார்த்தே கற்றுக்கொண்டாள். இவர்களின் மாணவி எங்கே இருக்கிறாள், எந்த அடுப்பில் சமைக்கிறாள், எந்த ஊர் மிளகாய்த்தூள் வைத்திருக்கிறாள் என்று எதுவும் தெரியாது. 'நெய் இல்லை, என்ன செய்ய?', 'ஆறு மணிக்கு கரண்ட் போய்விடும், அதற்குள் முடியுமா?' இத்தனைக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் புத்தகத்துக்கே வருகிறார்கள். டெப் பெரல்மன் நியூயார்க்கில் ஒரு சின்ன அடுக்குமாடிச் சமையலறையில் இருந்துகொண்டு 2006-இல் சமையல் வலைப்பதிவு எழுத ஆரம்பித்தவர், முதல் புத்தகம் 2012-இல்தான் வந்தது. நடுவில் ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் வாசகர்கள் அவரிடம் எவ்வளவு கேட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன், அதாவது டர்பன் கதைக்கு. 2013-இல் 'மாஸ்டர்செஃப் தென்னாப்பிரிக்கா' டிவி சமையல் போட்டியில் ஜெயித்த கமினி பாதர், போட்டிக்கு வரும்போதே உணவு வலைப்பதிவு எழுதிக்கொண்டிருந்தவர். பின்னால் அவரும் புத்தகம் போட்டார். கேப் டவுனில் ஃபாத்திமா சைடோ முகநூலில் அந்த ஊர் முஸ்லிம்களின் கேப் மலாய்ச் சமையலைச் சொல்லிக்கொடுத்தே வீட்டுக்கு வீடு தெரிந்தவரானார், சமையல் புத்தகங்களும் எழுதினார். 2023 டிசம்பரில் அவர் புற்றுநோயில் போனபோது எங்கள் தெருவில் அவரை நேரில் பார்த்தே இராத பெண்கள் அழுததை நான் கண்ணால் பார்த்தேன்.

இவர்களில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் இஷே கோவிந்தர். டர்பன் பெண், வக்கீலாக இருந்தவர், வலைப்பதிவு வழியாக எழுத்துக்கு வந்தவர். 2017-இல் தென்னாப்பிரிக்கக் குழம்புகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அந்தப் புத்தகம்தான் அன்றைக்கு என் பையில் இருந்தது. நாடு முழுக்கப் பயணம் செய்து, வீட்டுச் சமையலறைகளில் உட்கார்ந்து, சமைக்கிறவர்களிடம் அவர்கள் கதையைக் கேட்டு எழுதியிருக்கிறார். குறிப்பைக் கொடுத்தவர் யார், எந்த ஊர் என்பது குறிப்போடு சேர்ந்தே வருகிறது. 'பாட்டி செஞ்சதத்தானே எழுதுறாங்க' என்று சொல்லும் தம்பியே, அந்தப் பாட்டியின் பெயர் அச்சில் வர வேண்டுமென்றால் யாராவது ஒருத்தி போய்க் கேட்டு எழுதினால்தானே உண்டு?

கேட்டு எழுதுவது டர்பனுக்குப் புதிதும் இல்லை. இங்கே பல இந்தியர் வீடுகளில் கல்யாணப் பெண்ணுக்குக் கொடுத்து அனுப்பும் 'இந்தியன் டிலைட்ஸ்' 1961-இல் வந்தது. தொகுத்தவர் ஸுலைகா மயட். அதற்கு முன்பே உள்ளூர்ப் பத்திரிகையில் பெண்களுக்காகத் தொடர்ந்து பத்தி எழுதிக்கொண்டிருந்தவர் அவர். அக்கம்பக்கத்துப் பெண்களிடமிருந்து குறிப்புகளைச் சேர்த்து, ஒரு பெண்கள் குழுவாக நின்று அச்சிட்டார்கள். இன்டர்நெட் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி என் பக்கத்து வீட்டு ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்து, 1960-களில் அந்தக் குடியிருப்பைக் காலி செய்து எல்லாரையும் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பியபோது இங்கே வந்தவர். அவர் தமிழ் வடஆற்காட்டுப் பக்கத்துப் பழைய தமிழ், பாதிக்கு மேல் ஆங்கிலம் கலந்துவிட்டது. பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஆனால் ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதைப் பிள்ளைகள் விடவில்லை. கேழ்வரகு கிடைக்காத ஊரில் மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்து ஊற்றுகிறார்கள். புரட்டாசி முழுக்கக் கறி தொடமாட்டார்கள். 1860-இல் கரும்புத் தோட்ட வேலைக்கு முதல் கப்பலில் வந்தவர்களின் மொழி நாக்கிலிருந்து போய்விட்டது, ருசி மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆயாவின் ஆட்டுக்கறிக் குழம்பை எழுதி வைக்க வேண்டும் என்று போன மாசம் நோட்டும் சமையல் தராசும் எடுத்துக்கொண்டு போனேன். பட்டை, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம் நன்றாகச் சிவந்ததும் ஆயா மசாலா டின்னுக்குள் கையை விட்டார். நான் கையைப் பிடித்து நிறுத்தி, தராசில் கொட்டச் சொன்னேன்.

"தராசு எதுக்கு மா? கையப் பாரு. கைதான் அளவு."

"உங்க கை எனக்கு வராதே ஆயா."

கொட்டினார். 14 கிராம். அதைத் திரும்ப டின்னில் போட்டுவிட்டு மறுபடியும் அள்ளச் சொன்னேன். 15. மூன்றாவது முறை 14. அறுபது வருடமாக ஒரே அளவை அள்ளுகிற கை அது. ஒரு கிலோ கறிக்கு அப்படி இரண்டு கை. தக்காளி போட்டு, கறி பாதி வெந்த பிறகு உருளைக்கிழங்கு. கிழங்கிலும் 'அப்-டு-டேட்' ரகம்தான் வேண்டும், அதுதான் குழம்பை உறிஞ்சும் என்று ஆயா கண்டிப்பாகச் சொல்வார். தேங்காய் கிடையாது. நான் தேங்காய் அரைத்து ஊற்றுவேன் என்றதும், "அப்ப அது வேற கறி" என்றார். சரிதான், அது வேறு கறி.

அன்றைக்கு ஒரு கை மசாலாவை எழுத எனக்கு முழுசாகக் கால் மணி நேரம் ஆனது. ஒரு புத்தகத்தில் இப்படி நூறு குறிப்பு இருந்தால் எத்தனை நாள், எத்தனை கிலோ கறி, எத்தனை தடவை தப்பி மறுபடி செய்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 ராண்ட் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

இந்தப் புத்தகங்களில் எனக்கு மனக்குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. நான் வாங்கியவற்றில் படங்கள் பளபளவென்று இருக்கின்றன, நம் பெயர்கள் மட்டும் இல்லை. கீரையை இங்கே எல்லாரும் 'ஹெர்ப்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள், புத்தகத்திலும் அதே. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'கீரை' என்று போட்டிருந்தால் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். ரசம் என்ற வார்த்தை தப்பித்திருக்கிறது. சேப்பங்கிழங்கு தப்பவில்லை, அது மடும்பி ஆகிவிட்டது. மடும்பி ஸூலு மக்களிடமிருந்து வந்த பெயர், அதுவும் நமக்குச் சொந்தம்தான், இருக்கட்டும். இரண்டும் சேர்ந்து இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு விழா மலருக்காக என் புளிக்குழம்புக் குறிப்பைக் கேட்டு வாங்கினார்கள். 40 கிராம் புளி, ஒன்றரைக் கப் வெந்நீரில் இருபது நிமிடம் ஊற வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். மலரில் 'புளி, தேவையான அளவு' என்று வந்தது. என் பெயரும் இல்லை. கேட்டதற்கு, "இடம் பத்தல, அதான் சுருக்கிட்டோம்" என்றார்கள். அந்த இரண்டு வரியைத்தான் சுருக்க வேண்டுமா என்று அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை.

தம்பி, அந்தப் புத்தகத்தை அடுத்த வாரம் கொண்டு வருகிறேன், வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே ஒரு குறிப்பைச் சமைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். இந்தச் சனிக்கிழமை ஆயா மடும்பிக்குப் புளி கரைக்கும்போது வரச் சொல்லியிருக்கிறார். நோட்டில் அந்தப் பக்கத்தின் மேலே அவர் பெயரை இப்போதே எழுதிவிட்டேன். கீழே அளவு மட்டும்தான் பாக்கி.