தோள் தாங்குமா என்று கேட்டது குற்றமா?

சனிக்கிழமை சுடுதளத்தில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். இல்லாதவர்களுக்கும் இதற்குள் கதை வந்து சேர்ந்திருக்கும். நான் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் "பழைய ஆளுக்கு மேக்னம் என்றாலே பயம்" என்று என்னைக் குறிப்பிட்டே எழுதிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மேக்னம் என்றால் மருந்தும் உதையும் அதிகமான முரட்டுத் தோட்டா, அதைச் சுடும் துப்பாக்கியையும் அப்படியே சொல்கிறோம்.

அந்தத் தம்பி முதல் தடவையாக நீண்ட தூர வேட்டைக்கென்று ஒரு ரைஃபிள் வாங்கியிருக்கிறார். தானாக முடிவெடுத்து வாங்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் என்று நம்பி நாலு பேரைக் கேட்டு வாங்கினார். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் எடை மூன்று கிலோவைக்கூடத் தொடாத .300 வின்செஸ்டர் மேக்னம். சுட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது, ரத்தம் மூக்கு வரை வழிந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "இப்பதான்டா நீ மேக்னம்காரன்" என்று முதுகில் தட்டினார்கள். இதை இவர் தோள் தாங்குமா என்று வாங்குவதற்கு முன் யாராவது யோசித்தீர்களா என்று நான் கேட்டேன். நான் கேட்டது அவ்வளவுதான். அதற்குத்தான் இத்தனை ஏச்சு.

மேக்னம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எந்தத் தோட்டா என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள், அதை உங்களால் ஒழுங்காகச் சுட முடியுமா என்பதை முதலில் பாருங்கள் என்கிறேன். இதைத்தான் அன்றும் சொன்னேன். இன்றும் இதையேதான் சொல்லப்போகிறேன்.

கணக்கைப் பார்ப்போம். ஏறக்குறைய ஒரே எடையுள்ள ரைஃபிள்களில் 6.5 கிரீட்மோர் என்ற சின்னத் தோட்டா தோளில் கொடுக்கும் உதையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் .300 வின்செஸ்டர் மேக்னம் கொடுக்கும். துப்பாக்கியின் எடையை நாலில் ஒரு பங்கு குறைத்தால் அந்த உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். இது என் கருத்து அல்ல, பள்ளிக்கூடத்து இயற்பியல். மலை ஏறச் சுலபம் என்று சொல்லி இருப்பதிலேயே லேசான துப்பாக்கியையும், இருப்பதிலேயே முரட்டுத் தோட்டாக்களில் ஒன்றையும் சேர்த்து, புதிதாக வருகிறவர் கையில் கொடுத்தால் என்ன நடக்கும்? சனிக்கிழமை நடந்ததுதான் நடக்கும். புருவம் ஆறிவிடும். அன்று கண்ணுக்குள் புகுந்த பயம் சீக்கிரத்தில் போகாது.

அந்தப் பயம் என்ன செய்யும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என்னோடு வேட்டைக்கு வரும் நண்பர் ஒருவர், நல்ல திடகாத்திரமான ஆள், 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் வைத்திருந்தார். குண்டு எப்போதும் கீழே இடது பக்கமாகவே போகும். ஸ்கோப் சரியில்லை என்றார், மாற்றினார். அதைப் பிடிக்கும் மவுண்ட் தளர்ந்திருக்கிறது என்றார், அதையும் மாற்றினார். கடைசியில் கம்பெனி அனுப்பிய குழலே கோணல் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு நாள் அவருக்குத் தெரியாமல், மருந்தில்லாத தோட்டாக்களை நிஜத் தோட்டாக்களோடு கலந்து மேகசினில் போட்டுக் கொடுத்தேன். விசையை இழுத்தார். 'டக்' என்று துப்பாக்கியின் சுடும் ஊசி அடித்த சத்தம் மட்டும்தான். ஆனால் குழலின் வாய் தரையைப் பார்த்துக் குனிந்தது. உதைக்காத துப்பாக்கிக்கு அவர் உடம்பு முன்கூட்டியே பதறியிருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. குழலில் ஒரு கோணலும் இல்லை. பிறகு சின்னத் தோட்டாவில் ஒரு பருவம் முழுக்கப் பழகித்தான் அந்தப் பதற்றத்தைப் போக்கினார். இன்றைக்கு அதே மேக்னத்தை அழகாகச் சுடுகிறார். அதனால்தான் சொல்கிறேன், நான் மேக்னத்துக்கு எதிரி இல்லை.

"மூஸில் பிரேக் போட்டால் உதை பாதியாகிவிடும், இதற்குப் போய் இவ்வளவு பெரிய பேச்சா?" என்று ஒருவர் கேட்கிறார். சரி, குழல் வாயில் மாட்டும் அந்தத் துண்டால் உதை குறையும். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அது முன்னே போகிற வாயுவையும் சத்தத்தையும் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பித்தான் அந்த வேலையைச் செய்கிறது. மேக்னம் ரைஃபிளின் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியில் காதைக் கெடுக்கும் எல்லை என்று பொதுவாகச் சொல்வது 140. சுடுதளத்தில் காதை மூடிக்கொள்கிறோம். காட்டில், மான் எழுந்து நின்ற அந்த நொடியில், நீங்களும் பக்கத்தில் பைனாகுலரோடு படுத்திருப்பவரும் காதை மூடியிருப்பீர்களா? பிரேக் போடுங்கள், அதற்குரிய பாதுகாப்பையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். பாதியைச் சொல்லிவிட்டுப் போவது அறிவுரை ஆகாது.

அடுத்தது, எல்லாரும் கைதட்டிய அந்த வாதம்: "தூரத்தில் காற்று தள்ளும், அதற்குத்தான் மேக்னம்." இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. குண்டின் பாதையைக் காட்டும் பாலிஸ்டிக் அட்டவணையைத் திறந்து ஒரு தடவையாவது பார்த்திருந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில், .300 வின்செஸ்டர் மேக்னத்தின் 200 கிரெயின் எடையுள்ள நீளக் குண்டு 500 கஜத்தில் ஒரு அடிக்கு மேல் விலகுகிறது. நீங்கள் கேலி செய்யும் 6.5 கிரீட்மோரின் 143 கிரெயின் குண்டும் கிட்டத்தட்ட அதே அளவுதான் விலகுகிறது. வித்தியாசம் ஓரிரு அங்குலம். அந்த ஓரிரு அங்குலத்துக்காகத்தான் இரண்டு மடங்கு உதையா? 7 எம்எம் பிஆர்சி போன்ற புதுத் தோட்டாக்களில் லாபம் இன்னும் கொஞ்சம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் காற்றின் வேகத்தை மணிக்கு நாலு மைல் தப்பாகக் கணித்துவிட்டால் அந்த லாபம் எல்லாம் அங்கேயே போயிற்று. 800 கஜத்துக்குப் போனால் அந்த 10 மைல் காற்று குண்டை மூன்று அடிக்கு மேல் தள்ளும். எந்த மேக்னமும் காற்றை நிறுத்துவதில்லை. காற்றைப் படிக்கத் தெரிந்த கண்தான் வேண்டும். அந்தக் கண் ஆயிரம் குண்டு சுட்டால் வரும். தோள் வலித்து இருபதாவது குண்டோடு துப்பாக்கியைப் பையில் போடுகிறவருக்கு வராது.

மறுபடியும் அங்கேயேதான் வந்து நிற்கிறேன். சுட முடிகிற துப்பாக்கிதான் நிறையச் சுடப்படும். நிறையச் சுடப்படும் துப்பாக்கிதான் தூரத்துக்குப் போகும்.

"கம்பெனியே ஒரு எம்ஓஏ உத்தரவாதம் கொடுக்கிறதே" என்கிறார்கள். கொடுக்கிறது. எம்ஓஏ என்பது குண்டுகள் சிதறும் கோண அளவு, நூறு கஜத்தில் சுமார் ஒரு அங்குலம். அதுவும் பெரும்பாலும் மூன்று குண்டு மட்டும் சுட்ட குரூப்புக்கு. மூன்று குண்டு யாருக்கும் எப்போதாவது ஒன்றாக விழும். பத்து குண்டு சுட்டுப் பாருங்கள், அதே துப்பாக்கியின் உண்மையான முகம் தெரியும். அப்படியே ஒரு எம்ஓஏ என்றே வைத்துக்கொண்டாலும் 500 கஜத்தில் அது ஐந்து அங்குலத்துக்குச் சற்று அதிகம். அது பெஞ்சில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுடும்போது. மூச்சிரைக்க மேடேறி, சரிவில் படுத்து, நெஞ்சு படபடக்கச் சுடும்போது எவ்வளவு என்று கம்பெனி எழுதித் தராது.

ஃபாக்டரி ரைஃபிள் வாங்குவதில் பார்க்க வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. அவற்றைப் பேச அன்று ஒருவருக்கும் வாய் வரவில்லை. குழலின் ட்விஸ்ட்டை, அதாவது குண்டைச் சுழற்றும் உள்வரிகளின் முறுக்கைப் பாருங்கள். 1962இல் வந்த 7 எம்எம் ரெமிங்டன் மேக்னத்துக்கு வழக்கமான ட்விஸ்ட் ஒன்பதரை அங்குலத்தை ஒட்டி ஒரு சுற்று. இன்றைய நீண்ட, கனமான குண்டுகளுக்கு அது மெதுவான சுற்று. 2022இல் வந்த 7 எம்எம் பிஆர்சிக்கு எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டார்கள். மேகசினின் நீளத்தைப் பாருங்கள். 1963இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னத்தின் தோட்டா நீளம் 3.34 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். அதன் கழுத்தும் குட்டை. அதனால் நீளக் குண்டு மருந்துக்கான இடத்துக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். .300 பிஆர்சியில் 3.7 அங்குலம் வரை இடம் இருக்கிறது, ஆனால் அதற்கேற்ற நீள ஆக்ஷன் (தோட்டாவை ஏற்றி வெளியேற்றும் பகுதி) வேண்டும். இதெல்லாம் ஒருவருடைய விருப்பு வெறுப்பு இல்லை, அளந்து பார்க்கக்கூடிய விஷயம்.

அப்புறம் கட்டை, அதாவது துப்பாக்கியைத் தோளில் பதிக்கும் பின்பகுதி. கன்னம் வைக்கும் இடம் உயரமாக, கண் தானாக ஸ்கோப்பின் நடுவில் வந்து நிற்கும்படி இருக்கிறதா? கட்டையின் நீளம் கைக்குச் சரியாக இருக்கிறதா? அந்தத் தம்பிக்குக் கட்டை நீளம், ஸ்கோப்பைக் கண்ணுக்குப் பக்கமாக இழுத்துப் பொருத்தியிருந்தார்கள், கழுத்தை நீட்டிக்கொண்டு சுட்டார். அடிபடாமல் என்ன செய்யும்? கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இருக்க வேண்டிய இடைவெளியை ஒருவர்கூடச் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க நேரமில்லாதவர்களுக்குச் சிரிக்க நேரம் இருந்தது.

என்னைக் கேட்டால், ஸ்கோப், பைபாட் என்ற இருகால் தாங்கி எல்லாம் சேர்த்து நாலரை கிலோவாவது வரும் ரைஃபிளைத்தான் முதல் மேக்னமாகச் சொல்வேன். டிக்கா டி3எக்ஸ், பெர்காரா, சாவேஜ் 110, எல்லாவற்றிலும் கனமான குழலோடு வரும் வகை உண்டு. டிக்காவின் போல்ட் ஓடும் மென்மை எனக்குப் பிடிக்கும். சாவேஜில் விசையின் எடையை வீட்டிலேயே திருத்திக்கொள்ள முடிவது பெரிய வசதி. பழைய பழக்கம், வின்செஸ்டர் மாடல் 70இன் அந்தப் பெரிய எக்ஸ்ட்ராக்டர் கொக்கி தோட்டாவைப் பிடித்து உள்ளே கொண்டுபோகும் விதத்தில் எனக்கு இன்றும் ஒரு மயக்கம் இருக்கிறது. பெயர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, கனம் இருக்கட்டும். "மலையில் யார் சுமப்பது?" என்றால், சுமக்க முடியாதவர் 700 கஜம் சுட வேண்டியதில்லை, லேசான துப்பாக்கியோடு கிட்டே போய்ச் சுடட்டும். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியாக, என்னை உண்மையிலேயே தூங்கவிடாத வாதம். "குறி கொஞ்சம் தவறினாலும் மேக்னம் சமாளித்துவிடும்." இதைச் சொன்னவர் அனுபவசாலி. பலர் அவரைப் பார்த்துத்தான் இந்த வழிக்கே வருகிறார்கள். அவர் வாயிலிருந்து இது வரலாமா?

சமாளிக்காது, அண்ணே. உரிமம் எடுத்து, பருவத்தில், முறைப்படி போன ஒரு வேட்டையில் என் கூட வந்தவர் பள்ளத்தாக்கின் மறுபக்கம் நின்ற ஒரு பெரிய ஆண்மானைச் சுட்டார். அதுவும் .300 மேக்னம்தான். குழல் வாயில் 3,500 அடி-பவுண்டு ஆற்றல் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. நாங்கள் படுத்திருந்த இடத்தில் இலைகூட அசையவில்லை. நடுவில், பள்ளத்தின் மேலே, காற்று வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. குண்டு பின்னால் போய்க் குடலில் பட்டது. மான் முதுகை வளைத்துக்கொண்டு நடந்து மரங்களுக்குள் போனது. குடலில் பட்ட மிருகம் உடனே விழாது, ரத்தமும் அதிகம் சிந்தாது. இருட்டும் வரை தேடினோம். மறுநாளும் தேடினோம். கிடைக்கவில்லை. அந்த 3,500 அடி-பவுண்டும் எதைச் சமாளித்தது? சுட்டவர் அதற்குப் பிறகு அந்த மலைப்பக்கமே வருவதில்லை. அந்த மான் எத்தனை மணி நேரம் கிடந்து செத்திருக்கும் என்று நான் இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். இதற்குப் பெயர் பயம் என்றால், சரி, எனக்குப் பயம்தான். அந்தப் பயம் இல்லாத ஆளோடு நான் வேட்டைக்குப் போகமாட்டேன்.

1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் கிளப் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் சங்கம் இந்த நீண்ட தூர விவகாரத்தில் இத்தனை கஜம்தான் எல்லை என்று கோடு போடவில்லை. சுடுகிறவரின் நோக்கம் என்ன என்று கேட்கிறது. வேட்டையாடப் போனீர்களா, இல்லை உயிருள்ள மிருகத்தை வைத்து உங்கள் கருவியைச் சோதிக்கப் போனீர்களா? நான் கேட்பதும் அதுதான். 800 கஜத்தில் குண்டு போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். அதற்குள் மான் ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். அதற்கு எந்தக் கம்பெனி உத்தரவாதம் தரும்?

"நீ யார் இதையெல்லாம் சொல்ல?" என்றும் கேட்டாயிற்று. யாரும் இல்லை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு என் துப்பாக்கியையும் என் தோட்டாவையும் கொடுத்துப் பழக்கிவிட்டவன், அவ்வளவுதான். என்னிடம் பழகியவர்களில் இரண்டு பேர் சனிக்கிழமை அந்தச் சிரிப்பில் சேர்ந்து சிரித்தார்கள். அது வலித்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

வாதாட விரும்புகிறவர்கள் ஒரு காரியம் செய்துவிட்டு வாருங்கள். பெஞ்ச் வேண்டாம், மணல் மூட்டை வேண்டாம். காட்டில் சுடுகிற மாதிரி படுத்தோ உட்கார்ந்தோ, குளிர்ந்த குழலில், அன்றைய முதல் குண்டை மட்டும் எட்டு அங்குல வட்டத்தில் போடுங்கள். ஒரே ஒரு குண்டு. மறுபடி இன்னொரு நாள், வேறு காற்றில். ஒரு பருவம் முழுக்க எந்தத் தூரத்தில் அது தவறாமல் விழுகிறதோ, அதுவரைக்கும்தான் உங்களுக்கு மிருகத்தைச் சுட உரிமை. அட்டைகளைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள். மேக்னத்திலும் சுடுங்கள், சின்னத் தோட்டாவிலும் சுடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நான் சொன்னதில் எது தவறு என்று எழுதுங்கள். படிக்கிறேன், பதிலும் சொல்கிறேன்.