கிளிப்பை டைட் பண்ணினால் பல் சீக்கிரம் நகராது

"வலிச்சாத்தான் பல் நகருதுன்னு அர்த்தம், மாசாமாசம் நல்லா டைட் பண்ணச் சொல்லுங்க, ஆறே மாசத்துல முடிஞ்சிடும்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதைக் கேட்டு யாரும் டாக்டரை நெருக்காதீர்கள். வடபழனியில் கிளிப் போடுவதுதான் என் வேலை. கல்யாணத் தேதியைச் சொல்லி இதே கோரிக்கையோடு வருகிறவர்கள் நிறைய.

பல் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் சுமார் 0.2 மி.மீ. தடிமனில் ஒரு சவ்வு இருக்கிறது. அழுத்தம் அளவாக இருந்தால் அதில் ரத்தம் ஓடும். செல்கள் ஒரு பக்கம் எலும்பைக் கரைத்து, மறுபக்கம் புது எலும்பு வைக்கும். பல் நகர்வது இப்படித்தான். அழுத்தம் மிஞ்சினால் ரத்தக்குழாய் நசுங்கி அந்த இடமே செத்துப்போகும். பிறகு எலும்பு பின்பக்கத்திலிருந்து கரைந்து வர வேண்டும். அதுவரை வாரக்கணக்கில் பல் அசையாமல் நிற்கும். வேர் நுனி கரைந்து குட்டையாகும் ஆபத்தும் கூடும். போன நீளம் திரும்ப வளராது.

பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம், வேரோடு நகர்த்த 70 முதல் 120 கிராம் விசை என்பது பாடப்புத்தகக் கணக்கு. இடத்துக்காக ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டு, கடைவாய்ப்பல்லைப் பிடிமானமாக வைத்துத்தான் கோரைப்பல்லைப் பின்னால் இழுப்போம். அதற்கு மேல் விசை கொடுத்து இழுத்தால் கடைவாய்ப்பல் முன்னால் வந்துவிடும், பல் பிடுங்கிக் கிடைத்த இடமும் வீண். மாதம் 1 மி.மீ. நகர்ந்தாலே நல்ல வேகம்.

டைட் பண்ணிய பிறகு இரண்டு மூன்று நாள் வலி சகஜம். வாரம் தாண்டியும் இட்லிகூடக் கடிக்க முடியவில்லை என்றால் உடனே உங்கள் டாக்டருக்கு போன் பண்ணுங்கள்.