தூரிகையே தொடாத ‘தூரிகை எழுத்து’

திருச்சி தில்லைநகரின் குறுக்குத் தெரு ஒன்றில் எட்டு மாதங்களுக்கு முன் சிறியதாக ஒரு பொட்டிக் தொடங்கினேன். கைத்தறிச் சேலைகளும், அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் ரவிக்கைகளும் விற்கிற கடை, பெயர் ‘பொன்னிழை’. கடைக்குள் இருக்கும் ஒவ்வொரு சேலையிலும் ‘கையால் நெய்தது’ என்று என் கையாலேயே சீட்டு எழுதிக் கட்டுகிறேன். ஆனால் கடை வாசலில் தொங்குவதோ, கையால் எழுதியது போல நடிக்கும் அக்ரிலிக் பலகை. ஒவ்வொரு நாளும் ஷட்டரைத் தூக்கும்போது அதை அண்ணாந்து பார்க்க நேர்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காலத்து ஜவுளிக் கடைகளில் இருந்ததைப் போலத் தகரத்தில் எனாமல் பெயின்டால் எழுதிய ஒரு பலகை வேண்டும் என்றேன். கடையின் உள் அலங்காரத்தை ஏற்றிருந்த தம்பி, “அக்கா, அதே தோற்றத்தைக் கம்ப்யூட்டரிலேயே கொண்டுவந்துவிடலாம், யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது” என்றார். அவர் அனுப்பிய முதல் மாதிரியைத் திறந்து பார்த்தபோது ‘பொ’வின் கொம்பு ஓரிடத்திலும் கால் வேறோர் இடத்திலும் கிடந்தன, இரண்டுக்கும் நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம், ‘ழை’யின் முன்னால் நிற்க வேண்டிய இணைக்கொம்பு, ழகரத்தைத் தாண்டிப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய பெயரை அப்படியே எடுத்து, தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் ஒட்டியிருக்கிறார்கள். பிழை நேர்வது இயல்புதான், திருத்திவிடலாம். ஆனால் அதை வடிவமைத்தவர், அச்சுக்கு அனுப்பவிருந்தவர், எனக்கு அனுப்பியவர் என்று மூன்று தமிழர்களின் கண்களைக் கடந்து அந்தப் பெயர் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதை நினைத்தால்தான் ஆறவில்லை.

இரண்டாவது மாதிரியில் ஆங்கிலப் பெயர் பலகையை அடைத்துக்கொண்டு நிற்க, தமிழ் கீழ் மூலையில் கடுகு போல ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இன்படி பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற அளவில் அமைய வேண்டும் என்று நானே எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. “தமிழ் பெரிதாக இருந்தால் பொட்டிக் போலத் தெரியாது, அக்கா” என்பது பதில். மளிகைக் கடை போலத் தெரியுமாம். பட்டும் பருத்தியும் இந்த ஊரில் எந்த மொழியில் விலை பேசி விற்கப்பட்டன என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஒருவழியாகப் பலகை வந்தது. எட்டடிக்கு மூன்றடி, உள்ளே விளக்கு. எழுத்துகள் தூரிகையால் இழுத்தது போலவே இருந்தன. மயிர் பிரிந்த கீற்றுகளும் பெயின்ட் தீர்ந்துபோன வறட்சியும்கூட இருந்தன. பத்து நாள் கழித்து, வாடிக்கையாளர் யாரும் இல்லாத ஒரு மதிய நேரத்தில், எதிர்ச் சாரியில் நின்று பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பெயரில் னகரம் இரண்டு முறை வருகிறது அல்லவா? இரண்டு னகரத்திலும் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில், ஒரே கோணத்தில் அதே கீற்று. மனிதக் கை இரண்டு எழுத்தை அப்படி எழுதாது, எழுதவும் முடியாது. நெய்த துணியில் பாவும் ஊடும் தரும் சிறு மேடுபள்ளத்தைத் தொட்டுக் காட்டித்தான் நான் விசைத்தறிச் சேலையிலிருந்து கைத்தறிச் சேலையைப் பிரித்துச் சொல்கிறேன். என் தலைக்கு மேலேயே இந்தப் போலி தொங்கியிருக்கிறது. இதற்கு நான் கொடுத்த தொகை இருபத்தாறாயிரம் ரூபாய்.

இதில் எனக்கு இன்னும் வலிக்கிற பகுதி ஒன்று உண்டு. பலகையை முடிவு செய்வதற்கு முன்பே, போர்டு எழுதும் ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்திருந்தேன். ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் தம் கையெழுத்தை இந்த ஊரின் எத்தனையோ தையற்கடைப் பலகைகளின் மூலையில் இட்டவர். இப்போது வெள்ளையடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தூரிகை எடுக்கிறார். தகரத்துக்கு ரெட் ஆக்சைடு அடித்துக் காயவைத்து, மேலே இரண்டு பூச்சு எனாமல் கொடுத்து, சாக்பீஸ் பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, நுனியில் துணி சுற்றிய குச்சியின்மேல் மணிக்கட்டைத் தாங்கவைத்து எழுதுவதாக முறையைச் சொன்னார். பெயரைக் கேட்டதும், என் மேசையில் கிடந்த பில்லின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக் காட்டினார். ழகரத்தின் வால் கீழே இறங்கி, இடப்பக்கம் திரும்பி, பெயர் முழுவதற்கும் அடியில் ஒரு நூலிழையாக ஓடி, முதல் கொம்பின் கீழே போய்ச் சுருண்டு முடிந்தது. பெயரின் பொருளை அவருக்கு யாரும் விளக்கவில்லை.

அதன் கீழே ‘சேலை, ரவிக்கை’ என்றும் எழுதினார். அந்த ‘லை’யில், இணைக்கொம்புக்குப் பதிலாக லகரத்தோடு ஒட்டி வளையும் பழைய யானைத் தும்பிக்கை இருந்தது. 1978-இல் தமிழ்நாட்டு அரசின் எழுத்துச் சீர்திருத்த ஆணையோடு பாடப்புத்தகங்களை விட்டுப் போன வடிவம், அவர் கையில் இன்னும் போகவில்லை. “மாத்தி எழுதணுமா, அம்மா?” என்று கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன். மொத்தக் கூலியாக அவர் கேட்டது நான்காயிரத்து எண்ணூறு ரூபாய்.

அதற்குத்தான் பேரம் பேசப்பட்டது! “ஃப்ளெக்ஸ் என்றால் சதுர அடி சில்லறைக் காசுக்கு முடிந்துவிடுமே, இதற்கு எதற்கு இவ்வளவு?” என்று என்னுடன் இருந்தவர்கள் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். இருபத்தாறாயிரத்துக்கு வாய் திறக்காமல் தலையாட்டியவர்களும் இவர்களே. ‘இவர்கள்’ என்று எழுதுகிறேனே தவிர, அங்கே உட்கார்ந்து மௌனமாக இருந்தவள் நான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

பலகைக்குப் பக்கத்தில் மாட்டிய ஃப்ளெக்ஸின் கதை தனி. காஞ்சிப் பட்டு உடுத்திய மாடல் பெண் ஒருத்தியின் படம் அதில் இருந்தது. மேற்கு வெயில் ஒரு கோடையை முடிப்பதற்குள் சிவப்பும் மஞ்சளும் வெளிறிப்போய், நீலம் மட்டும் மிஞ்சி, அந்தப் பெண் விஷம் தீண்டியவள் போல நிற்கிறாள். அரக்குச் சேலை ஊதாவாகிவிட்டது. “அந்த ஊதா இருக்கிறதா?” என்று ஒருவர் உள்ளே வந்தே கேட்டுவிட்டார். அதே தெருவின் கோடியில், எப்போதோ மூடிப்போன லேடீஸ் டெய்லர் கடையின் ஷட்டரில் எனாமலில் வரைந்த பெண் முகம், துரு ஏறிய மடிப்புகளுக்கு நடுவிலும் இன்னும் பொட்டு மாறாமல் இருக்கிறது.

போன மாதம் ‘ழை’ எழுத்தின் விளக்குப் பட்டை எரிவதை நிறுத்தியது. பழுது பார்க்க ஆள் அனுப்புவதாகச் சொல்லி நான்கு வாரங்கள் ஆகின்றன. இரவு ஏழு மணிக்கு மேல் என் கடையின் பெயர் ‘பொன்னி’. சென்ற சனிக்கிழமை ஸ்கூட்டரை நிறுத்தி உள்ளே வந்த ஒருவர், சேலை அடுக்குகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இருபத்தைந்து கிலோ சிப்பம் என்ன விலை என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். கேலிக்குக் கேட்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கையில் பை வைத்திருந்தார்.

அன்று இரவே பில்லைத் தேடி எடுத்தேன், பெரியவரின் எண் அதில்தான் இருந்தது. “தகரத்தை வாங்கி ரெட் ஆக்சைடு மட்டும் அடிச்சு வையுங்க, அம்மா, ஞாயிற்றுக்கிழமை வர்றேன்” என்றார். கூலியை அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. தகரம் இப்போது கடையின் பின்கட்டில் காய்ந்துகொண்டிருக்கிறது. அக்ரிலிக் பலகையைக் கழற்றி இறக்க ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும் என்று அலங்காரத் தம்பி இன்று காலை செய்தி அனுப்பியிருக்கிறார்.