வலிக்கிறவள் பக்கத்தில் ஒரு ஆள்

திருச்சி மலைக்கோட்டையில் பாதி வழியில் இருக்கும் தாயுமானவரின் கதையை எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இரத்தினாவதிக்கு மாதம் நிறைந்துவிட்டது. பூம்புகாரிலிருந்து அம்மாக்காரி கிளம்பி வருகிறாள். நடுவில் காவிரியில் வெள்ளம், கடக்க வழியில்லை. இந்தப் பக்கம் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. சிவபெருமானே அம்மா உருவத்தில் வந்து பிரசவம் பார்த்து, வெள்ளம் வடிகிறவரைக்கும் கூடவே இருந்தார் என்பார்கள். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தால் இன்றும் அங்கே வாழைத்தார் கொண்டுபோய் வைக்கிறோம்.

சாமி நினைத்திருந்தால் ஆற்றை நிறுத்தி அந்த அம்மாவை இக்கரைக்கு அனுப்பியிருக்கலாம். வலியே தெரியாமல் பிள்ளையைக் கையில் கொடுத்திருக்கலாம். அதெல்லாம் செய்யாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இந்தக் கதையை முதலில் சொன்னது பிரசவம் பார்த்துப் பழகிய ஏதோ ஒரு கிழவியாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

அந்தச் சாமிக்கு வாழைத்தார் வைக்கிற நாம்தான், பெறப்போகிறவளை லேபர் வார்டுக்குள் தனியாக அனுப்பிவிட்டு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்.

எனக்கு முதல் பிரசவம் நீண்டுபோனது. சாயங்காலம் பனிக்குடம் உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். மறுநாள் இரவு ஆபரேஷன் செய்துதான் மகளை எடுத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இது ஒரு ஆஸ்பத்திரியின் பிரச்சினை இல்லை. வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றி ஒரு கர்ச்சீப்பில் முடிந்து அம்மா கையில் கொடுத்தேன். பின்பக்கம் கட்டுகிற பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு உள்ளே போனதோடு சரி. அதன்பிறகு எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட அந்த அறைக்குள் வரவில்லை.

வலி வருவதற்கு டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து ஏறியபிறகு வருகிற வலி வேறு ஜாதி. இடுப்பிலிருந்து கிளம்பித் தொடை வரைக்கும் முறுக்கும். விட்டதா என்று மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது. நடுநடுவே யாராவது வந்து கையை விட்டுப் பார்ப்பார்கள். வந்தவர் யார், எதற்குப் பார்க்கிறார் என்று ஒரு வார்த்தை கிடையாது. "நாலுதான்", "இன்னும் அதே நாலுதான்", "தலை இறங்கலை" என்று என் கால்மாட்டில் நின்று அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அந்த நாலு, கர்ப்பப்பை வாய் திறந்திருக்கும் சென்டிமீட்டர் கணக்கு. தலைமாட்டுப் பக்கம் வந்து என்னிடம் சொல்ல ஆள் இல்லை. தண்ணீர் கேட்டால் கூடாது. எழுந்து நடக்கிறேன் என்றால் கூடாது. பக்கத்துக் கட்டிலில் கத்திய பெண்ணைப் பார்த்து, "அன்னிக்குப் புருஷன்கிட்ட கத்தினியா?" என்று ஒரு அம்மா கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு சுற்று வலி தெரியவே இல்லை!

இதைச் சொன்னால், "எல்லாருக்கும் நடக்கறதுதானே, பிள்ளை முகத்தைப் பார்த்ததும் மறந்துபோயிடும்" என்பார்கள். மறக்கவில்லை. வலி ஓரளவு மறந்துபோய்விட்டது என்பது உண்மைதான். அந்தக் கேள்வி மறக்கவில்லை. முன்பின் தெரியாத கைகள் மறக்கவில்லை.

இரவு முறைக்கு வந்த நர்ஸ் ஒருவர் மட்டும் வேறு மாதிரி. வந்ததும் முதலில் பெயரைக் கேட்டார். "முதல் பிரசவம்மா, வாய் திறக்க நேரம் எடுக்கும். பாப்பாவோட துடிப்பு நல்லா இருக்கு, நீயே கேளு" என்று அந்தக் கருவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். இடுப்பின் பின்பக்கம் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டார். பத்து நிமிடம்கூட இருக்காது. அதற்குள் வேறு கட்டிலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவரைப் போய் நான் எப்படிக் குறை சொல்வேன்? ஆறேழு பேருக்கு அவர் ஒருத்தர்.

"இன்னும் நாலுதானா" என்ற சலிப்பு எங்கிருந்து வருகிறது என்று பின்னாளில் தேடிப் படித்தேன். 1950களின் நடுவில் நியூயார்க்கில் இம்மானுவேல் ஃப்ரீட்மன் என்ற மருத்துவர், தலைப்பிரசவத்துக்கு வந்த 500 பெண்களைக் கவனித்து, கர்ப்பப்பை வாய் எந்த வேகத்தில் திறக்கிறது என்று ஒரு கோடு வரைந்தார். அதையொட்டி வந்ததுதான் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கு. உலகம் முழுக்க லேபர் வார்டுகளில் அதை வைத்துத்தான் பெண்களை அளந்தார்கள். 2018இல் உலக சுகாதார நிறுவனமே அது பல பெண்களுக்குப் பொருந்தாத வேகம் என்று சொல்லிவிட்டது. 5 சென்டிமீட்டரிலிருந்துதான் வேகமெடுக்கும் கட்டம் என்கிறது. அதற்கு முந்தைய கட்டம் ஆளுக்கு ஆள் மாறும். தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், மெதுவாகப் போகிறது என்ற ஒரே காரணத்துக்காக அவசரப்பட வேண்டாம். அதே வழிகாட்டுதலில், ஆபத்தில்லாத பிரசவம் என்றால் சாப்பிடலாம், குடிக்கலாம், எழுந்து நடக்கலாம் என்று இருக்கிறது. வயிற்றை மேலிருந்து அமுக்கித் தள்ளக் கூடாது என்றும் இருக்கிறது. எனக்கு அமுக்கினார்கள்.

உடனே, "அப்போ ஆஸ்பத்திரியே வேண்டாம், பாட்டி காலத்துல வீட்டுலதான பெத்தாங்க" என்று கமெண்டில் வரப்போகிற அண்ணன்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். பாட்டி காலத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதைச் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கற்களைக் கேளுங்கள். வயிற்றுப் பிள்ளையோடு போனவளின் நினைவாக, வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்கட்டும் என்று நட்டவை அவை. 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்கப்போய் ஒரு பெண் இறந்ததும் நினைவிருக்கும். தலை திரும்பாமல் அடைத்துக்கொண்ட பிரசவத்தில் நேரம் போகப்போகத் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. என்னையும் மகளையும் காப்பாற்றியது கத்திதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2018-20 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார்கள் என்ற கணக்கில் இறந்தார்கள். இந்தியா முழுமைக்கும் அது 97. நம் அரசு மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உழைத்துக் கொண்டுவந்த எண் அது. உயிரைக் காப்பாற்றத் தெரிந்த இடத்தில் ஒரு நாற்காலி போட்டு ஒரு ஆளை உட்கார வைக்க முடியாதா என்பதுதான் என் கேள்வி.

கூட ஒருத்தர் இருப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். பல நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வுகளை 2017இல் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. பிரசவம் முழுக்கக் கூடவே ஒருவர் இருந்த பெண்களுக்கு வலி நேரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, சிசேரியன் குறைந்திருக்கிறது, பிரசவத்தை நினைத்துக் கசந்துபோவதும் குறைந்திருக்கிறது. செலவு ஒரு நாற்காலி. மத்திய சுகாதார அமைச்சகமும் 2016இலேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண் உறவினர் இருக்கலாம், மற்றவர்களின் மறைவுக்கு இடைஞ்சல் இல்லாத இடங்களில் கணவரும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டது. தமிழ்நாடு அதற்கும் முன்பே இதை ஆரம்பித்த மாநிலம். அதாவது இது நம் உரிமைப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. வாசலில் நிற்கிற வாட்ச்மேன் அண்ணனுக்குத்தான் தெரியாது!

இடம் இல்லை, மற்ற பெண்களுக்குக் கூச்சம் என்பார்கள். நியாயம்தான். கட்டிலுக்குக் கட்டில் ஒரு திரை கட்டினால் பாதி தீர்ந்தது. தொற்று வந்துவிடும் என்பார்கள். கையைக் கழுவிக் கவுனைப் போட்டுக்கொண்டால் துணைக்கு வருகிறவரும் மற்றவர்களைப் போலத்தானே? பணம் கட்டினால் கணவரை உள்ளே விடுகிற இடங்களில் அந்தத் தொற்று எங்கே போகிறது என்றும் யோசித்துப் பார்க்கலாம். உண்மையான தயக்கம் வேறு என்று நினைக்கிறேன். அம்மாவோ அக்காவோ பக்கத்தில் நின்றால் அந்த "அன்னிக்கு கத்தினியா" வாயில் வருமா? கேட்காமல் தொட முடியுமா?

துணைக்கு ஆள் இருந்திருந்தால் எனக்கு ஆபரேஷனே ஆகியிருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஆகியிருக்கும். ஆனால் ஆபரேஷன் என்று முடிவானது என் கணவருக்குத்தான் முதலில் தெரிந்தது. வெளியே கூப்பிட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, "என்னம்மா, சொல்லலையா உனக்கு?" என்றார்கள். அறுக்கப்போவது என் வயிறு.

அதற்கப்புறம் பார்க்க வந்த சனம் கேட்ட முதல் கேள்வி, "நார்மலா, சிசேரியனா?" சிசேரியன் என்றதும் ஒரு "ப்ச்". அவ்வளவு நேரம் வலியும் தாங்கி, தையலும் வாங்கினவளுக்கு அந்த "ப்ச்" எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்கள் யோசிப்பதில்லை. "எப்படி இருக்க?" என்று கேட்டது பால்கார அக்கா ஒருத்திதான்.

இப்போது இதை எழுதக் காரணம், என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். போன வாரம் செக்கப்புக்குப் போனபோது, லேபர் வார்டில் கூட யார் இருக்கலாம் என்று நேராகவே கேட்டோம். முதலில் முகத்தைச் சுளித்த நர்ஸம்மா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "ஒரு லேடி இருக்கலாம், ஆள் மாத்தி மாத்தி வரக் கூடாது" என்றார். உங்கள் வீட்டில் மாதமாக இருக்கிற பெண் இருந்தால், எட்டாம் மாதத்திலேயே இதைக் கேட்டுவிடுங்கள். வலி எடுத்தபிறகு வாசலில் நின்று வாதாட முடியாது.

வீட்டில் இப்போது அந்த ஒரு லேடி யார் என்பதில்தான் பஞ்சாயத்து. பெத்தவள் நான்தான் என்கிறார் அத்தை. "அம்மா என் முகத்தைப் பார்த்ததும் அழ ஆரம்பிச்சிடும் அண்ணி, நீங்களே வாங்க" என்று இவள் சொல்லிவிட்டாள். அத்தை என்னிடம் பேசி இரண்டு நாளாகிறது.