மிலான் கேலரியா முதலாவது அல்ல

"கண்ணாடிக் கூரை போட்ட உலகின் முதல் கடைவீதி மிலான் கேலரியாதான், உள்ளே போக டிக்கெட் வாங்கணும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

லண்டனில் இதே மாதிரிக் கடைவீதியான பர்லிங்டன் ஆர்கேட் 1819லேயே வந்துவிட்டது. பிரஸ்ஸல்ஸின் சென்ட்-ஹ்யூபர்ட் கடைவீதி 1847. மெங்கோனி வடிவமைத்த மிலான் கேலரியா திறந்தது 1867ல்தான்; முகப்பு வளைவு வேலை 1877 வரை இழுத்தது. அந்த வருடக் கடைசியில் சாரத்திலிருந்து விழுந்து அவர் இறந்தார், பாவம்.

டிக்கெட்டெல்லாம் கிடையாது. அது பொதுவழி, டுவோமோ பேராலயச் சதுக்கத்தில் நுழைந்து ஸ்காலா ஓபரா அரங்கின் பக்கம் வெளியேறலாம்.

நடு எண்கோணத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். குவிமாடம் ஏறக்குறைய 47 மீட்டர் உயரம். அதற்குக் கீழே நான்கு அரைவட்டங்களில் நான்கு கண்டங்கள், மொசைக்கில் (சிறு வண்ணத் துண்டுகள் பதித்த ஓவியமாக). தரையிலுள்ள மொசைக் காளை மேல், அதிர்ஷ்டம் வரும் என்று பலரும் செய்வதுபோல், குதிகாலை ஊன்றிச் சுற்றாதீர்கள். அப்படிச் சுற்றிச் சுற்றியே அங்கே குழி விழுகிறது, திரும்பத் திரும்பச் சரிசெய்கிறார்கள்.