12 லட்சம் தாண்டினால் 60,000 வரியா?

"வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தை ஒரு ரூபாய் தாண்டினாலும் 60,000 ரூபாய் வரி, சம்பள உயர்வே நஷ்டம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை; அதைத் தாண்டினாலும் சம்பளக்காரர்களுக்கு அப்படி வராதுங்க. மார்ஜினல் ரிலீஃப் என்ற விதிப்படி, 12 லட்சத்துக்கு மேல் கூடிய தொகையை வரி தாண்டாது. வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் ஸ்லாப் (வருமான அடுக்கு) கணக்குப்படி 61,500 வரும். கட்டுவதோ 10,000, அதன் மேல் 4% செஸ் எனும் கூடுதல் வரி. (ஆக, கூடிய 10,000 வரிக்குப் போக, செஸ் 400 ரூபாய் மட்டும் கையை விட்டுப் போகும், அது உண்மைதான்.) ஏறக்குறைய 12.70 லட்சம் வரை இந்தச் சலுகை உண்டு. சந்தேகம் இருந்தால் வருமான வரித்துறை இணையதளத்தில் கால்குலேட்டர் இருக்கிறது, லாகின்கூட வேண்டாம். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்து, கழிவுகள் போக 12,10,000 வருமாறு நிரப்பிப் பாருங்கள்.