மேட்டிலிருந்து வந்து சேரும் எழுத்து

அம்மா தேயிலைத் தோட்டத்தின் மேல் மலையில் நின்று கூப்பிட்டால் எங்கள் பெயர் நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்கு முழுசாக வந்து சேராது. அக்காவின் கூப்பிடு பெயரிலும் என்னுடையதிலும் முதலில் ஓர் ஆ, கடைசியில் ஓர் உ. மெய்யெழுத்தெல்லாம் காற்றிலும் பனியிலும் கரைந்துவிடும். காதுக்கு எட்டுவது ‘ஆஆ... உ’ மட்டும்தான். யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் இரண்டு பேரும் ஓடுவோம். இலங்கை மலையகத்தில் எங்கள் லிந்துலைப் பக்கம் பனி இறங்கினால் பக்கத்தில் நிற்கிற ஆளே தெரியாது, குரலை வைத்துத்தான் எல்லாம்.

இப்போது இதை எழுதக் காரணம் அக்கா மகள். எட்டாம் தரம் படிக்கிறாள். போன மாதம் ஒரு கவிதைப் போட்டிக்கு எழுதிக் கொடுத்தாள். அதில் மூன்று வரி:

கூடை தூக்கி மூச்சு வாங்கி
மேலே ஏறும் வேளையிலே
பாட்டி காலு தாங்கலையே

தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ‘எதுகை மோனை இல்லை, பேச்சு வழக்கு’ என்று எழுதியிருந்தது. பிள்ளை அழவில்லை. “மாமா, எதுகை இல்லன்னா அது கவிதை இல்லையா?” என்று கேட்டாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அந்த மூன்று வரியையும் நீங்கள் ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கூ, தூ, மூ. உதடு குவிந்து மூச்சு அடங்குகிறது. கொழுந்து நிரம்பிய கூடையை முதுகில் ஏற்றும்போது எங்கள் வீட்டுப் பெண்களின் வாய் அப்படித்தான் இருக்கும். அடுத்தது மே, லே, ஏ, வே. உதடு பக்கவாட்டில் இழுபடுகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறவர் முகம். பிறகு பா, கா, தா. வாய் திறந்துகொள்கிறது. வலி வெளியே வந்துவிட்டது. ஊ, ஏ, ஆ என்று மூன்று நெடிலை வைத்து ஒரு மலையேற்றத்தை எழுதியிருக்கிறாள். எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காதால் செய்த வேலை அது.

சரி, இலக்கணம் இதை மறுக்கிறதா? இல்லவே இல்லை. அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை, முதல் எழுத்து ஒன்றினால் மோனை என்பது நாம் பரீட்சைக்குப் படித்த பாதி. இரண்டாம் எழுத்தின் மேல் ஏறிய உயிர் மட்டும் ஒத்து வந்தால் உயிர் எதுகை என்றும், வல்லினத்துக்கு வல்லினம் வந்தால் இன எதுகை என்றும் யாப்பு நூல்கள் சொல்கின்றன. மோனையில் அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம். இ, ஈ, எ, ஏ இன்னொன்று. உ, ஊ, ஒ, ஓ மற்றொன்று. வாய் எப்படித் திறக்கிறது, காதில் எப்படி விழுகிறது என்று கவனித்தவர்கள் வகுத்தது இது. வகுப்பறைக்கு வரும்போது அதெல்லாம் உதிர்ந்து, ஒரே எழுத்தைத் தேடி அடிக்கோடு இடுகிற வேலையாகிவிட்டது. ஒரு வரிக்குள்ளேயே உயிரொலி திரும்பத் திரும்ப வருவதற்கு ஆங்கிலத்தில் அசோனன்ஸ் என்று பெயர் வைத்துப் படிக்கிறார்கள். ஸ்பானிய நாட்டார் கதைப்பாடல்களில் ஒன்றுவிட்ட வரிகளின் முடிவை இந்த உயிரொலிதான் கட்டி நிறுத்துகிறது, மெய் மாறினாலும் பரவாயில்லை. நம் விடைத்தாளில் மட்டும் இதற்குப் புள்ளி இல்லை.

எங்கள் தோட்டப் பாட்டுகளைக் கேளுங்கள்.

கூனி அடிச்ச மலை
கோப்பிக் கன்னு போட்ட மலை
அண்ணனைத் தோத்த மலை
அந்தா தெரியுது பார்

1869இல் கோப்பியில் இலைநோய் கண்டு, பிறகு மலையெல்லாம் தேயிலையாக மாறியது. கோப்பிக் காலம் போய் எத்தனையோ தலைமுறை கடந்தும் இந்தப் பாட்டில் கோப்பிக் கன்று நிற்கிறது. ‘போட்ட’, ‘தோத்த’ இரண்டையும் பாருங்கள். ஓ-அ, ஓ-அ. கன்று போட்டதும் அண்ணனைத் தோற்றதும் ஒரே ஒலியில் வருகின்றன. நட்ட மலையும் பறிகொடுத்த மலையும் ஒன்றுதான் என்பதைப் பாடினவர் தனியாகச் சொல்லத் தேவைப்படவில்லை, அந்த ஓ சொல்லிவிடுகிறது. கடைசி வரியில் ‘அந்தா’, ‘பார்’ என்று ஆ திறக்கும்போது கை தானாக மலையைக் காட்ட எழும். கோடு போட்டு எதுகை தேடுகிற பிள்ளைக்கு இதில் என்ன கிடைக்கும்?

தமிழாசிரியர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மதிப்பெண் போடுவதற்கு முன் அந்தக் கவிதையைப் பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லுங்கள். பேச்சு வழக்கு என்று கழிக்கிறீர்களே, ‘காலு’வைக் ‘கால்’ என்று திருத்தினால் அந்த அடியின் நடையே நொண்டுகிறது. வள்ளுவர் மழையைப் பாடும்போது ‘கெடுப்பதூஉம்’ என்றும் ‘எடுப்பதூஉம்’ என்றும் எழுதினார். ‘கெடுப்பதும்’ என்றாலே ஓசை குறையாது, இருந்தும் இனிமைக்காக நீட்டினார். அதை இன்னிசை அளபெடை என்று மனப்பாடம் செய்ய வைக்கிறீர்கள். மலையகப் பிள்ளைகளின் வாயில் அது ஏற்கெனவே இருக்கிறது, தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கேட்டு வளர்ந்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போயிருந்தேன். அம்மா வேலையிலிருந்து நின்ற பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். திரும்பி வந்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவருக்குப் பேத்தி கவிதையை வாசித்துக் காட்டினாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கடைசி வரியை மட்டும் தன் குரலில் திருப்பிச் சொன்னார்.

“பாஆட்டி காஆலு தாஆங்கலையே...”

பேத்தி கொப்பியை எடுத்து அப்படியே திருத்தி எழுதிக்கொண்டாள்.